கையில் இருந்த மஞ்சள்

என் அமுச்சிக்கு உள்ளங்கை மஞ்சளாகவே இருக்கும். அம்மாவின் அம்மாவை எங்கள் ஈரோட்டுப் பக்கம் அமுச்சி என்றுதான் கூப்பிடுவோம். தை பிறந்து மஞ்சள் வெட்டு தொடங்கினால் பங்குனி முடியும்வரை கையை விட்டு அந்த நிறம் போகாது. நகக்கண்ணில் சித்திரையிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். காலும் அப்படித்தான். ஆனால் அவர் முகத்தில் மஞ்சள் பட்டு நான் பார்த்ததே இல்லை. 1950இல், தன் 24 வயதில், 3 வயதுக் குழந்தையாக என் அம்மாவைக் கையில் வைத்துக்கொண்டு தாலி அறுத்தவர். அதற்குப் பிறகு 55 வருஷம் வெள்ளைச் சீலை.

சின்ன வயதில் இதில் எனக்கு எந்த முரணும் தெரியவில்லை. மஞ்சள் காட்டில் வேலை செய்தால் கை மஞ்சளாகும், அவ்வளவுதான். பெண்களின் அழகுப் பொருட்களைப் பற்றி எழுதக் கேட்டபோது, நான் முதலில் நூலகத்துக்குப் போகவில்லை. அந்தக் கையைத்தான் நினைத்துக்கொண்டேன்.

மஞ்சள் எப்படி மஞ்சளாகிறது என்பதை முகத்துக்குப் பூசுகிற பலருக்குத் தெரியாது. வைகாசி, ஆனியில் நட்டால் எட்டு ஒன்பது மாதம் நிலத்தில் கிடக்கும். தழை காய்ந்ததும் வெட்டி, கிழங்கு வேறு விரலி வேறு என்று பிரிப்பார்கள். அது பெரும்பாலும் பெண்கள் வேலை. குத்துக்காலிட்டு நாள் முழுக்க மண் தட்டி உடைக்க வேண்டும். பிறகு கொப்பரையில் வேகவைத்து, களத்தில் பத்து பதினைந்து நாள் காயவைப்பார்கள். காய்ந்தது கரடாக, அழுக்கு நிறத்தில் இருக்கும். அதைத் தேய்த்து மெருகேற்றினால்தான் சந்தைக்குப் போகிற மஞ்சள். சுற்றுகிற உருளை வருவதற்கு முன்னால் சாக்கில் கட்டி மிதித்தும், கையால் தேய்த்தும் மெருகு போட்டார்கள். எங்கள் காட்டில் அந்த வேலைக்கு வந்தவர்கள் அருந்ததியர் பெண்கள். அவர்களோடு அமுச்சியும் உட்கார்ந்து தேய்ப்பார். உட்கார்ந்தாலும், அவர்களுக்கு டீ தனித் தம்ளரில்தான் போகும். அதை ஊற்றிக் கொடுப்பதும் அமுச்சிதான். இதையும் சொல்லாமல் அமுச்சியைப் பற்றி மட்டும் சொன்னால் பாதிக் கதைதான்.

வேலை முடிந்து சோப்புப் போட்டுக் கை கழுவுவார்கள். சோப்பு பட்டதும் மஞ்சள் சிவந்துவிடும். காரம் பட்டால் மஞ்சளின் நிறம் மாறும் என்பதுதான் காரணம். மஞ்சளில் சுண்ணாம்பைக் கலந்து குங்குமம் செய்வதும் அதே வித்தையால்தான். ஆக, தினமும் சாயங்காலம் கிணற்றடியில் அந்தப் பெண்கள் எல்லோர் கையிலும் ஒரு நிமிஷம் குங்குமம் இருந்தது. தண்ணீர் ஊற்றியதும் போய்விடும்.

1986இல் நான் வயதுக்கு வந்தேன். தெரட்டிச் சீருக்கு முதல்நாள் ராத்திரி அமுச்சி ஆட்டுக்கல்லில் பாசிப்பயறும் மஞ்சளும் பூலாங்கிழங்கும் அரைத்துக்கொண்டிருந்தார். கஸ்தூரி மஞ்சளைத் தனியாக, சந்தனக்கல்லில். விடிகாலையில் அத்தைகளும் சித்திகளும் என்னை மணையில் உட்காரவைத்து அதைப் பூசித் தண்ணீர் ஊற்றினார்கள். ஏழு சுமங்கலிகள் ஊற்ற வேண்டும் என்று கணக்கு. அரைத்தவர் அங்கே இல்லை. "அமுச்சி எங்கே?" என்று கேட்டேன். ஒருத்தி என் வாயில் விரலை வைத்தாள். அப்புறம் தேடிப்போனால், மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். "நல்லா மணமா இருந்துச்சா கண்ணு?" என்று மட்டும் கேட்டார்.

நம் பெண்கள் பத்திரிகைகள் பல பத்தாண்டுகளாக ஒரு பக்கத்தை விடாமல் போட்டுவருகின்றன: 'பாட்டி சொன்ன அழகுக் குறிப்புகள்.' கடலை மாவில் தயிர் கலந்து பூசுங்கள், வெள்ளரிக்காய் வில்லையைக் கண்ணில் வையுங்கள், வெந்தயத்தை ஊறவைத்து அரைத்துத் தலையில் தேயுங்கள். குறிப்புகளில் எனக்குச் சண்டை இல்லை. அந்தப் பாட்டி யார் என்பதில்தான் சண்டை. சிறுமிகளை வயதில் மிக மூத்த ஆண்களுக்குக் கட்டிக்கொடுத்த தலைமுறைகளில், நீண்டநாள் வாழ்ந்த பாட்டிகளில் எத்தனை பேர் கைம்பெண்கள்! முகத்துக்கு மஞ்சள், தலைக்குப் பூ, சிலருக்குத் தலைமுடியே மறுக்கப்பட்டவர்கள். அவர்களிடம்தான் அரைக்கும் வேலை இருந்தது, அளவும் இருந்தது. பூசிக்கொள்ளும் உரிமை மட்டும் இல்லை. நாம் 'பாட்டி வைத்தியம்' என்று கொண்டாடுவதில் பெரும்பகுதி, தனக்குப் பயன்படுத்த அனுமதி இல்லாத ஒருத்தி பிறருக்காகக் காப்பாற்றி வைத்த அறிவு.

இந்த மறுப்பு நேற்று வந்ததல்ல. புறநானூற்றில் கைம்மைப் பெண்ணின் கூந்தல் கொய்யப்படுகிறது. பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு, நெய் இல்லாத உணவும் பாய் இல்லாத பருக்கைக் கல் படுக்கையுமான கைம்மை வாழ்வைவிடத் தீயே மேல் என்று சான்றோரிடம் சொல்கிறாள். அவள் தேர்ந்தெடுத்ததைப் பெருமையாகப் பாடம் நடத்தினார்கள் எனக்கு. அவளுக்கு முன்னால் வைக்கப்பட்டிருந்த இரண்டு வழிகளும் என்ன என்று வகுப்பில் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

சிலப்பதிகாரத்தில் இது இன்னும் நுட்பமாக வருகிறது. கடலாடு காதையில், கோவலனின் ஊடலைத் தீர்க்க மாதவி ஒப்பனை செய்துகொள்கிறாள். பத்து வகைத் துவர், ஐந்து வகை விரை, முப்பத்திரண்டு வகை ஓமாலிகை ஊறிய தண்ணீரில் அவள் கூந்தல் கழுவப்படுகிறது. அகில் புகையில் உலர்த்தப்படுகிறது. உரை எழுதிய அடியார்க்கு நல்லார் இந்தச் சரக்குகளைப் பெயர் பெயராக எடுத்துச் சொல்கிறார். துவரில் கருங்காலியும் நாவலும் திரிபலையும், விரையில் அகிலும் சந்தனமும், ஓமாலிகையில் இலவங்கம், ஏலம், நன்னாரி, இலாமிச்சை, நெல்லி, தான்றி. நாட்டு மருந்துக் கடையில் இன்றைக்கும் பாதிப் பெயர்களைச் சொல்லிக் கேட்டால் எடுத்துத் தருவார்கள். தமிழில் கூந்தல் கழுவும் நீருக்கு இவ்வளவு விரிவான சரக்குப் பட்டியல் வேறு எங்கே கிடைக்கும் என்று தெரியாமல் நான் வியந்து நின்ற பக்கம் அது. உ.வே. சாமிநாதையர் 1892இல் பதிப்பித்ததால் நம் கைக்கு வந்தது.

அதே காப்பியத்தில் கண்ணகி என்ன செய்கிறாள்? அந்திமாலைச் சிறப்புச்செய் காதையில், கோவலன் வீட்டில் இல்லாததால் அவள் குங்குமம் எழுதுவதில்லை, கண்ணுக்கு மை இடுவதில்லை, கூந்தலுக்கு எண்ணெய் வைப்பதில்லை. கணவன் இறக்கவில்லை, இன்னொரு தெருவில் இருக்கிறான். அதற்கே எண்ணெய் நின்றுபோகிறது. ஒருத்தி ஆணைத் திருப்பிக் கொண்டுவர நாற்பத்தேழு சரக்கில் குளிக்கிறாள், இன்னொருத்தி அவன் போனதால் எண்ணெய்கூடத் தொடாமல் இருக்கிறாள். இரண்டு பேரின் தோலும் முடியும் கோவலன் இருக்கும் இடத்தைக் காட்டும் பலகைகள். அந்த நாற்பத்தேழு சரக்கையும் இடித்துச் சலித்தவள் யார் என்று கவி சொல்லவில்லை. உரைகாரரும் சொல்லவில்லை.

எதிர்ப்பு வராமல் இல்லை. 11 வயதில் மணமாகிச் சீக்கிரமே கணவனை இழந்த சகோதரி சுப்புலட்சுமி 1911இல் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டே இளம் கைம்பெண்களுக்கான இல்லத்தைச் சென்னையில் தொடங்கினார். பிறகு அது கடற்கரையோர ஐஸ் ஹவுஸ் கட்டடத்துக்குப் போனது. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு கைம்பெண் மறுமணத்தையும் பெண்களின் சொத்துரிமையையும் தீர்மானமாக்கியது. செங்கல்பட்டிலிருந்து எங்கள் ஊருக்கு அந்தச் செய்தி வந்து சேர 1950க்குள் நேரம் போதவில்லை போலிருக்கிறது.

இனி ஒரு வழக்கு. 1995 மார்ச்சில் அமெரிக்கா, காயம் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை கொடுத்தது. எண் 5,401,504. கண்டுபிடித்தவர்களாகப் பதிவானவர்கள் இந்திய வம்சாவளி ஆய்வாளர்கள் இருவர். இந்தியாவின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுமம் மறு ஆய்வு கேட்டது. தலைமை இயக்குநர் ஆர்.ஏ. மஷேல்கர் முன்னின்று நடத்தினார். சமஸ்கிருதம், உருது, இந்தி நூல்கள் உட்பட முப்பத்திரண்டு ஆதாரங்கள் காட்டப்பட்டன. 1953இல் இந்திய மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஒரு கட்டுரையும் அதில் உண்டு. 1997இல் காப்புரிமை ரத்தானது. நாடே மகிழ்ந்தது, நானும்தான். அப்போது எனக்கு 24 வயது, அமுச்சி தாலி அறுத்த வயது.

பல வருஷம் கழித்துத்தான் அந்த வழக்கின் உள்விவரத்தைப் படித்தேன். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, வெளிநாட்டில் ஒரு முறை வழக்கத்தில் இருந்தது என்று காட்டினால் போதாது. அது அச்சிலோ எழுத்திலோ வெளியாகியிருக்க வேண்டும். அதாவது, அரிவாள்மனையில் விரலை அறுத்துக்கொண்ட உடனே அடுப்படி மஞ்சளை எடுத்து அப்புகிற கோடிக்கணக்கான பெண்கள் அந்த நீதியின் முன்னால் சாட்சியே இல்லை. எழுத்தறிந்த ஆண்கள் எழுதிவைத்த சுவடியும் இதழும்தான் சாட்சி. நாம் ஜெயித்தோம், ஆனால் ஏட்டின் பலத்தில் ஜெயித்தோம். அமுச்சிக்குக் கையெழுத்துப் போடக்கூடத் தெரியாது.

2001இல் மரபு அறிவு மின்னூலகத்தைத் தொடங்கியபோதும் ஆயுர்வேதம், சித்தம், யுனானி நூல்களிலிருந்தே தொகுத்தார்கள். வேறு வழியில்லை என்பது புரிகிறது. 2019இல் ஈரோடு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஊரின் பெயர் காப்பாற்றப்பட்டது. களத்தில் மிதித்த கால்களுக்கு அதில் பங்கு இல்லை.

இதற்குள் வீட்டு அரைப்பின் இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்திருந்தது. அதைப் பற்றிப் பேசும்போது நம்மில் பலர் பெருமூச்சு விடுகிறோம்: அந்தக் காலத்தில் சீயக்காய், அரப்பு, இப்போது எல்லாம் ரசாயனம். நான் அந்தப் பெருமூச்சில் சேரமாட்டேன். எங்கள் வீட்டில் அரப்பு என்பது உசிலை இலையைக் காயவைத்து இடித்த பொடி. கண்ணில் பட்டால் உயிர் போகும். சீயக்காயை இடிக்கும்போது பறக்கிற தூசியில் அம்மா ஒரு மணிநேரம் தும்முவார். வீட்டில் ஏழு பேர் தலைக்கு இடிப்பது ஒருத்தியின் தோள். 1983இல் கடலூரிலிருந்து வந்த சிக் ஷாம்பு போன்றவை சில்லறைக் காசுக்குச் சிறு பொட்டலமாகக் கிடைத்தபோது, பெண்கள் ஏமாந்து வாங்கவில்லை. தோள் வலித்ததால் வாங்கினார்கள். கூலி வேலைக்குப் போகிறவளுக்கு வெள்ளிக்கிழமை காலை ஒரு மணிநேரம் மிச்சமானது. 'இயற்கை' என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, கணக்கில் வராத ஒரு பெண்ணின் உழைப்பு.

ஆனால் பொட்டலத்தோடு வந்த வாக்குறுதி வேறு. 1975இல் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி, தோல் சுத்தமாகும் என்று சொல்லவில்லை, வெளுக்கும் என்றது. வெளுத்தால் வேலை கிடைக்கும், மாப்பிள்ளை கிடைப்பான் என்றது. 2020இல் பெயரிலிருந்து 'ஃபேர்' போய் 'க்ளோ' வந்தது. டப்பாவின் மேல் இருக்கும் முகம் கருக்கவில்லை. மாநிறமாகப் பிறந்த நான் அந்தக் கிரீமை 15 வயதில் மூன்று வருஷம் பூசினேன். கழுத்துக்கு மேலே ஒரு நிறம் கீழே ஒரு நிறமாகக்கூட வரவில்லை. பணம்தான் போனது. அம்மாவின் கடுகு டப்பாவிலிருந்து எடுத்த பணம். நியாயமாகச் சொன்னால் நலங்கு மாவும் இந்த விஷயத்தில் யோக்கியம் இல்லை. "மஞ்சள் பூசினா செவப்பாயிருவ" என்றுதான் எங்களுக்கும் அதைப் பூசினார்கள். மஞ்சள் தோலின் மேல் மஞ்சளைத்தான் ஒட்டவைக்கும்.

அம்மாவின் நோட்டில் அளவு இருக்கிறது. அமுச்சி சொல்ல அம்மா எழுதியது. ஐந்தாம் வகுப்போடு நின்ற கையெழுத்து. பாசிப்பயறு அரைக் கிலோ, கஸ்தூரி மஞ்சள் 50 கிராம், பூலாங்கிழங்கு 100, கோரைக்கிழங்கு 50, வெட்டிவேர் 25, காய்ந்த ஆவாரம்பூ 100, ரோஜா இதழ் 50, கார்போகரிசி 25. எல்லாவற்றையும் நிழலில் உலர்த்தி, வெட்டிவேரைச் சிறிதாக நறுக்கி, மில்லில் கொடுத்து அரைத்து ஆறவைத்துச் சலிக்க வேண்டும். மாவு மில் வந்த பிறகு எழுதிய குறிப்பு என்பது இதிலிருந்தே தெரியும். நான் இதில் ஒன்றை மட்டும் அடித்துவிட்டேன்: கார்போகரிசி. அதில் சோராலென் என்ற பொருள் இருக்கிறது. வெண்புள்ளி சிகிச்சையில் அதற்கு இடம் உண்டு. ஆனால் அதைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கறுக்கும். எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தடவிக்கொண்டு வெயிலில் நடப்பதும் அப்படித்தான். சாறு பத்திரிகைக் குறிப்புகளில் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. கஸ்தூரி மஞ்சள் என்று கடையில் தருவது பலநேரம் வேறு கிழங்காக இருக்கும். தெரிந்த கடையில் முழுக் கிழங்காக வாங்குங்கள். பளபளவென்று கண்ணைப் பறிக்கிற மஞ்சள் பொடியையும் நம்பாதீர்கள். நிறத்துக்காக ஈயக் குரோமேட் கலப்பது உண்டு. வங்கதேசத்தில் கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஈயம் எங்கிருந்து வந்தது என்று தேடிப்போன ஆய்வாளர்கள் 2019இல் மஞ்சளைத்தான் பிடித்தார்கள்.

பாட்டி சொன்னதைத் திருத்தலாமா என்று என் மாணவி ஒருத்தி கேட்டாள். அமுச்சியே திருத்திக்கொண்டுதான் இருந்தார். நோட்டில் ஆவாரம்பூ முதலில் 50 என்று இருக்கிறது. அடித்து 100 ஆக்கியிருக்கிறது, பக்கத்தில் 'வெய்யகாலம்' என்று ஒரு சொல்.

2005இல் அமுச்சி படுத்த படுக்கையானார். தோல் பாம்புச் சட்டை மாதிரி உதிர்ந்தது. ராத்திரி முழுக்கச் சொறிவார். சோப்பு போட்டால் எரிகிறது என்றார். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு போயிருந்தேன். ஒருநாள் காலை வெந்நீர் வைத்து, நலங்கு மாவைப் பாலில் குழைத்து எடுத்துக்கொண்டு போனேன். வாசனையைப் பிடித்துவிட்டார்.

"மஞ்ச போட்ட மாவா அது?"

"ஆமாங்க அமுச்சி."

"எனக்கு வேண்டாஞ் சாமி. பயத்தமாவு இருந்தா கொண்டா."

"ஆரும் பாக்க மாட்டாங்க. கதவச் சாத்திட்டேன்."

கொஞ்சநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு தானாகவே சொன்னார். என் தாத்தா இறந்த அன்று, எல்லாவற்றையும் கழற்றுவதற்கு முன்னால், அவருக்குக் கடைசியாக ஒருமுறை மஞ்சள் பூசிக் குளிப்பாட்டினார்களாம். பூ வைத்து, பொட்டு வைத்து, வளையல் நிறையப் போட்டு, பிறகு ஒவ்வொன்றாக எடுத்தார்களாம். இந்தச் சடங்கைப் பற்றிப் பின்னால் நான் பல சாதிகளின் வழக்கங்களில் படித்தேன். அன்றைக்கு எனக்குத் தெரியாது.

"அன்னிக்கு அரைச்சது ஆரோ. கல்லு கல்லா இருந்துச்சு. மூஞ்சியெல்லாம் எரிஞ்சுது," என்றார். "சரியாவே சலிக்கல."

நான் பயத்தமாவை எடுத்துவர எழுந்தேன். என் கையைப் பிடித்துக் கிண்ணத்தைக் கிட்டே இழுத்தார். இரண்டு விரலால் கொஞ்சம் எடுத்து, கட்டைவிரலில் தேய்த்துப் பார்த்தார், மாவு சலித்திருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி.

"இது நல்லாத்தான் சலிச்சிருக்குது," என்றார். "காலுக்குப் போடு. அப்புறம் பாக்கலாம்."

காலில் ஆரம்பித்தேன்.